மாமீ ஆற்றில் மார்ச் முதல் ஜூன் வரை: வாலாயும் இரண்டு வகை பாஸும்

கேள்வி இதுதான்: “வேலை மாற்றலில் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோவுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சொந்த ஊர் மேட்டூர் பக்கம். சிறு வயதிலிருந்து காவிரியில் தூண்டில் போட்டுப் பழக்கம். மார்ச் கடைசியில் மாமீ ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது இடுப்பளவு தண்ணீரில் ஏராளமான பேர் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். வாலாய் (Walleye) என்ற மீனைப் பிடிக்கிறார்கள் என்றார்கள். நானும் ஒரு தூண்டில் வாங்கிக்கொண்டு இரண்டு சனிக்கிழமை போய் நின்றேன். இரண்டு பக்கமும் நிற்பவர்கள் பிடிக்கிறார்கள், எனக்கு ஒன்றும் மாட்டவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்? பாஸ் (Bass) என்ற மீன் எப்போது வரும்? எட்டு வயது மகளைக் கூட்டிப் போகலாமா?”

பதினான்கு வருஷமாக இந்த ஆற்றில் இறங்குகிறேன். முதல் வருஷம் எனக்கும் உங்கள் கதைதான். அந்த மார்ச்சில் ஒரு மீன்கூட கையில் வரவில்லை. காரணம் புரிய எனக்கு அடுத்த வருஷம் வரை ஆனது, உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

நாம் ஊரில் பழகிய தூண்டில் மீனின் பசியை நம்பியது. மண்புழுவோ மாவு உருண்டையோ கோத்துப் போட்டுவிட்டு, தக்கையைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்திருப்போம். மீன் இரை தேடி வரும், மோந்து பார்க்கும், கொத்தும். மார்ச் மாதத்து மாமீ ஆற்றில் வாலாய் இரை தேடி வருவதில்லை, முட்டையிட வருகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் தூண்டில், ஈயம், நிற்கும் இடம், வீசும் திசை, சட்டதிட்டம் எல்லாம் ஏன் இப்படி இருக்கிறது என்று தானாக விளங்கும்.

உங்களுக்கு இது புதிதும் அல்ல. ஊரில் மழை பிடித்துப் புதுத்தண்ணீர் வந்ததும் ஓடையிலும் வாய்க்காலிலும் கெண்டை எதிர்த்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே புதுவெள்ளம் கிளப்பிவிடுகிறது, இங்கே தண்ணீரின் சூடு. மாமீ ஆறு போய்ச் சேரும் ஈரி ஏரியின் மேற்குக் கோடியில் பனிக்கட்டி உருகி, ஆற்றுத் தண்ணீர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது (நம் கணக்கில் 5 டிகிரி செல்சியஸுக்குக் கிட்டத்தட்ட) ஆண் வாலாய்கள் முதலில் ஆற்றுக்குள் நுழையும். 42 முதல் 52 வரைதான் முட்டையிடும் நேரம். சாதாரண வருஷத்தில் மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் இரண்டு வாரமும் உச்சம். ஆண் மீன்கள் வாரக்கணக்கில் ஆற்றிலேயே தங்கிவிடும். இங்கே அவற்றை ‘ஜாக்’ என்பார்கள், பெரும்பாலும் 15 முதல் 20 அங்குலம் இருக்கும். பெண் மீன் பெரியது, பின்னால் வரும், பெரும்பாலும் இரவில் முட்டையிட்டுவிட்டுச் சட்டென்று ஏரிக்குத் திரும்பிவிடும். அதனால்தான் உங்கள் பக்கத்தில் நின்றவர்கள் பிடித்ததெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்திருக்கும்.

வாலாய் கூடு கட்டாது, முட்டைக்குக் காவலும் இருக்காது. நீரோட்டம் உள்ள சரளைக்கல் தரையின் மேல் முட்டையை விட்டுவிடும். முட்டைகள் கல் இடுக்கில் இறங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பொரிந்து, குஞ்சு நீரோட்டத்தோடு ஏரிக்குப் போய்ச் சேரும். சேறு படிந்தால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். அதனால் அதற்குச் சுத்தமான கல் தரையும் நல்ல ஓட்டமும் வேண்டும். மாமீ ஆறு இந்தியானாவின் ஃபோர்ட் வேன் நகரில் இரண்டு ஆறுகள் கூடிப் பிறந்து, விவசாய நிலங்களின் வழியே ஓடிவந்து டொலிடோவில் ஏரியைச் சேர்கிறது. டொலிடோவை ஒட்டிய கடைசிப் பகுதி ஆழமாக, மந்தமாக, சேற்றுத் தரையாக இருக்கும். பெரிஸ்பர்க், மாமீ ஆகிய ஊர்களுக்கு மேலேதான் கல் தரை தொடங்கி, தண்ணீர் சலசலத்து ஓடும். ஏரியிலிருந்து வரும் மீனுக்கு முதலில் கிடைக்கும் நல்ல முட்டைக்களம் அது. ஃபோர்ட் மீக்ஸ் கோட்டைக்குக் கீழே, ஆர்லியன்ஸ் பார்க், சைட் கட் பூங்காவில் உள்ள புளூகிராஸ் தீவு, பட்டன்வுட், ஜெரோம் ரோடு என்று நீங்கள் கேள்விப்பட்ட பெயர்கள் எல்லாம் அந்தச் சில மைல்களுக்குள் அடங்கிவிடும்.

சரி, உங்கள் தப்புக்கு வருவோம். நீங்கள் நின்ற இடத்தில் தப்பில்லை. பக்கத்தில் இருப்பவர் பிடிக்கிறார் என்றால் மீன் அங்கே இருக்கிறது. உங்கள் தூண்டில் மீனுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் என் ஊகம்.

முட்டையிட வந்த வாலாய் தரையோடு தரையாக, கல்லின் மறைவில், ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். இரையைத் துரத்தி ஓர் அடி மேலே வருவதற்கு அதற்கு மனமில்லை. மூக்குக்கு நேராக ஏதாவது வந்தால் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்து கவ்வும், அவ்வளவுதான். அதனால் தூண்டில் தரையிலிருந்து ஒரு சாணுக்குள் போக வேண்டும். தக்கைக்கு இங்கே வேலையே இல்லை.

இந்த ஆற்றில் எல்லோரும் கட்டுவது ஒரே மாதிரிதான். ரீலிலிருந்து வரும் நரம்பு, அதாவது தூண்டில் நூல், 8 அல்லது 10 பவுண்டு இழுப்பைத் தாங்குவது. அதில் ஓர் ஈயக்குண்டைக் கோத்து, முனையில் சுழலும் வளையம் ஒன்றைக் கட்ட வேண்டும். வளையத்தின் மறுபக்கம் 6 அல்லது 8 பவுண்டில் இன்னொரு நரம்பு, நீளம் ஒன்றரை முதல் இரண்டு அடி. அதன் முனையில் மிதக்கும் ஜிக், அதாவது தலையில் நுரைக்கட்டியோ தக்கையோ வைத்த ஒற்றை முள். அதில் வால் சுருண்ட ரப்பர் புழு ஒன்று. ஈயம் தரையைத் தொடும், ஜிக் அதற்குப் பின்னால் கல்லுக்குச் சற்று மேலே மிதந்து வரும். பின்னால் வரும் நரம்பை ஏன் மெல்லியதாகக் கட்டுகிறோம் என்றால், முள் கல்லில் சிக்கும்போது அது மட்டும் அறுந்து, ஈயமும் வளையமும் மிஞ்சும். சிக்காமல் ஒரு நாளும் போகாது. ஒரு காலைப் பொழுதுக்குப் பத்து பதினைந்து ஜிக், அதில் பாதி ஈயம் எடுத்துக்கொண்டு போங்கள்.

நிறத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆரஞ்சு, இளம்பச்சை கலந்த மஞ்சள், வெள்ளை, ரோஸ் இந்த நான்கும் பையில் இருந்தால் போதும். கலங்கல் தண்ணீரில் பளிச்சென்ற நிறம், தெளிந்த தண்ணீரில் வெளிறிய நிறம் என்பது என் வழக்கம். ஆனால் நிறத்தில் செலவழிக்கும் கவலையில் பாதியை ஈயத்தின் எடையில் செலவழித்தால் மீன் கிடைக்கும். இங்கேதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள்.

கடையில் ஓர் அளவு சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், அதையே நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்போம். ஆறு நாளுக்கு நாள் மாறும். காலையில் இருந்த வேகம் மதியம் இருக்காது. அதனால் அரைக்கால் அவுன்ஸ் இடைவெளியில் கால் அவுன்ஸிலிருந்து முக்கால் அவுன்ஸ் வரை எல்லா அளவிலும் ஈயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு நேர் எதிரே, கொஞ்சம் மேல்முகமாக வீசுங்கள். ஈயம் தரையைத் தொடும் வரை பொறுங்கள். நரம்பு தொய்யாத அளவுக்கு மட்டும் ரீலைச் சுற்றுங்கள், இழுக்காதீர்கள். இனி ஓட்டம்தான் வேலை செய்ய வேண்டும். கழியின் முனையை மார்பளவுக்கு உயர்த்திப் பிடித்து, ரீலுக்கு முன்னால் நரம்பின் மேல் ஆள்காட்டி விரலை வையுங்கள். டக்... டக்... டக்... என்று கல்லைத் தட்டிக்கொண்டு ஈயம் உருண்டு போவது விரலில் தெரிய வேண்டும். அது கீழ்முகமாக அரைவட்டம் அடித்து, உங்களுக்கு நேர் கீழே வந்து நின்றதும் சுற்றி எடுத்து மறுபடி வீசுங்கள்.

தட்டலே தெரியவில்லை என்றால் ஈயம் லேசு, தூண்டில் மேலே பறக்கிறது. இரண்டு தட்டலில் நின்று போய்விட்டால் கனம் அதிகம். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு தட்டல் என்று வந்தால் அதுதான் அன்றைய எடை. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும், நாலடி தள்ளி நின்றாலும்கூட, இதை முதலில் சரிபார்த்துக்கொள்வேன். ஓர் அவுன்ஸில் எட்டில் ஒரு பங்கு மாறியதில் வெறுங்கையாக நின்ற காலை நிரம்பிய காலையாக மாறியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மீன் கவ்வுவது நீங்கள் எதிர்பார்ப்பது போல் இருக்காது. விரால் அடிக்கிற மாதிரி வெடுக்கென்ற இழுப்பு எதுவும் கிடையாது. தட்டிக்கொண்டு வந்த ஈயம் சட்டென்று தட்டாமல் போகும். நரம்பில் ஒரு கனம் தெரியும், நனைந்த துணி ஒன்று மாட்டினாற்போல. கல் என்றால் அந்தக் கனம் அசையாது, மீன் என்றால் அதில் ஓர் உயிர் இருக்கும், மெல்லத் தலையாட்டும். சந்தேகம் வந்தால் மணிக்கட்டால் லேசாகச் சுண்டிப் பாருங்கள். தோள் வரை தூக்கி வெட்டி இழுக்க வேண்டாம், அதற்கான காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

முட்டைக் காலத்தில் மீன் நெருக்கமாக நிற்கும். வெட்டி வெட்டி இழுத்தால் முள் முதுகிலோ வயிற்றிலோ வாலிலோ குத்தும். நான் இதை எழுதும்போது உள்ள விதிப்படி வாய்க்குள் முள் ஏறாத மீனை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தக் கல் தரைப் பகுதியில் ஒற்றை முள்தான் அனுமதி, மூன்று முள் கொக்கி கூடாது. சூரிய உதயத்துக்கு முன்னும் மறைவுக்குப் பின்னும் மீன் பிடிக்கக் கூடாது. வைத்துக்கொள்ளும் மீன் 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆறு. ஆறு மீனையும் வண்டியில் வைத்துவிட்டு மறுபடி வந்து, அதே நாளில் மேலும் மீன் எடுத்துக்கொள்வதும் குற்றம்தான். 16 வயது ஆன எல்லோருக்கும் உரிமம் வேண்டும். விதிகள் வருஷத்துக்கு வருஷம் திருத்தப்படும் என்பதால், இறங்குவதற்கு முன் ஒஹாயோ வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வரிசையில் நிற்கும்போது ஒரு சபலம் வரும். நாலு மணி நேரம் குளிரில் நின்று, கடைசியில் ஒரு நல்ல மீன் வரும், பார்த்தால் முள் செவுளுக்கு வெளியே குத்தியிருக்கும். யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் விட்டுவிடுங்கள். 1970இல் பாதரச மாசினால் ஈரி ஏரியில் வணிக வாலாய் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. வாலாயின் நெருங்கிய உறவான ‘புளூ பைக்’ என்ற மீன் இதே ஏரியில் டன் டன்னாகப் பிடிக்கப்பட்டது, 1983இல் அது அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். வாலாய் மீண்டு வந்தது தானாக நடந்ததல்ல, கழிவைக் கட்டுப்படுத்தியதும் பிடிப்பைக் கட்டுப்படுத்தியதும் சேர்ந்து கொண்டுவந்தது. 2003, 2015, 2018 ஆகிய வருஷங்களில் பொரிந்த குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. இன்று ஆற்றில் நாம் பிடிப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட நல்ல வருஷங்களின் மீன்களைத்தான். பெரிய பெண் மீன் கிடைத்தால் நான் விட்டுவிடுவேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, இது என் வழக்கம். அந்த வயிற்றில் லட்சக்கணக்கில் சினை இருக்கிறது, குழம்புக்கு 17 அங்குல ஆண் மீன்தான் ருசி.

அப்படி விடும்போது அதன் கண்ணை ஒரு நிமிஷம் பாருங்கள். பால் கலந்த கண்ணாடிக் கோலி மாதிரி இருக்கும். கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால், சாயங்கால வெளிச்சத்தில் உள்ளேயே விளக்கு எரிவது போல மின்னும். அறிவியல் பெயரில்கூட ‘விட்ரியஸ்’, கண்ணாடி போன்றது என்றுதான் வைத்திருக்கிறார்கள். நம் கொடுவாயின் கண்ணும் வெளிச்சம் பட்டால் இப்படித்தான் மின்னும். இரண்டும் வேறு வேறு குடும்பம். நம் வாளைக்கும் வாலாய்க்கும்கூடப் பெயர் ஒலியைத் தவிர ஒட்டுறவு இல்லை. மங்கலான வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்கும் கண் என்பதால், விடிந்து முதல் ஒரு மணி நேரமும் பொழுது அடைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும், மூட்டமான பகலும் நல்ல நேரம். வெயில் சுள்ளென்று அடிக்கும் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் இறங்குகிறவர்கள். 45 டிகிரித் தண்ணீரில் நீச்சல் தெரிவது சில நிமிஷத்துக்குத்தான் உதவும், அதற்குள் கைகால் மரத்துவிடும். மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை, வேடர் என்பார்கள், நியோப்ரீனில் வாங்குங்கள், உள்ளே கம்பளிக் காலுறை. இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் ஒருபோதும் இறங்காதீர்கள். விழுந்தால் கால்சட்டைக்குள் தண்ணீர் நிரம்புவதை அதுதான் தாமதப்படுத்தும். உயிர்காப்பு அங்கியும் ஓர் ஊன்றுகோலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலைத் தரையில் அழுத்தி ஊன்றிய பிறகே மறு காலை எடுக்க வேண்டும். பாசி பிடித்த சுண்ணாம்புக்கல் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும்.

எனக்கு மூன்றாவது வருஷம் நடந்தது. அதிகாலையில் முழங்கால் தண்ணீரில் கடந்து புளூகிராஸ் தீவுக்குப் போனேன். மீன் நன்றாகப் பட்டது, நேரம் போனதே தெரியவில்லை. முந்தின நாள் மேற்கே இந்தியானா பக்கம் பெய்த மழையை நான் கணக்கில் எடுக்கவில்லை. பத்து மணிக்குத் திரும்பும்போது அதே இடத்தில் தண்ணீர் தொடைக்கு மேலே வந்துவிட்டது, நிறமும் காப்பி போல மாறியிருந்தது. பாதி தூரத்தில் காலுக்கடியில் ஒரு கல் புரண்டு, பக்கவாட்டில் சாய்ந்து முழங்கையை ஊன்றினேன். பின்னால் வந்த பெரியவர் ஒருவர் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கி, கரை வரை கையை விடவில்லை. கரையேறிய பிறகு அவர் சொன்னது இதுதான்: வந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வை, அரை மணிக்கு ஒருமுறை அதைப் பார். அன்றிலிருந்து அதைச் செய்யாமல் தூண்டில் எடுப்பதில்லை. குச்சி நனைந்தால் கிளம்பிவிடுவேன், மீன் எவ்வளவு பட்டாலும் சரி.

வீட்டிலிருந்து கிளம்பும் முன் பார்க்க வேண்டியது, வாட்டர்வில் ஊரில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை வைத்திருக்கும் நீர்மட்ட அளவி. அதன் கணக்கு இணையத்தில் கிடைக்கும். கோடு ஏறுமுகமாக இருந்தால் போக வேண்டாம். இறங்குமுகமாக, தண்ணீர் தெளிந்துகொண்டு வரும் இரண்டாவது மூன்றாவது நாள்தான் பொன்னான நாள். காற்றையும் பாருங்கள். ஈரி ஏரி நீளமானது, ஆழம் குறைந்தது. தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் ஏரித் தண்ணீரைக் கிழக்கே பஃபலோ பக்கம் தள்ளிவிடும், டொலிடோ பக்கம் மட்டம் இறங்கும். வடகிழக்குக் காற்று அடித்தால் தண்ணீர் இந்தப் பக்கம் குவிந்து ஆற்றின் கடைசிப் பகுதியில் ஏறும். மழையே இல்லாமல் ஆறு ஏன் ஏறுகிறது என்று முதல் வருஷம் குழம்பிப் போயிருந்தேன், அதற்கு இதுதான் காரணம்.

இப்போது பாஸ். இங்கே அந்தப் பெயரில் தொடர்பே இல்லாத இரண்டு மீன்கள் இருக்கின்றன. வெள்ளை பாஸ் ஒரு குடும்பம், சிறுவாய் பாஸ் வேறு குடும்பம். இரண்டும் தூண்டிலைக் கவ்வும் காரணமும் வேறு.

ஏப்ரல் பாதிக்கு மேல் வாலாய் குறையும், வரிசையும் கலையும். தண்ணீர் 55 டிகிரியைத் தாண்டும்போது வெள்ளை பாஸ் வரும், மே மாதம் உச்சம். வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடுகள், ஒரு சாண் ஒன்றரைச் சாண் நீளம். இதுவும் முட்டையிடத்தான் வருகிறது, ஆனால் வரும் வழியெல்லாம் தின்றுகொண்டே வரும். கூட்டம் கூட்டமாகப் பொடிமீனைத் துரத்தும்போது தண்ணீர் கொதிப்பது போல் துள்ளும். இதற்கு நான் சொன்ன ஈய நுணுக்கம் எதுவும் தேவையில்லை. எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ் ஜிக்கில் வெள்ளை ரப்பர் வால், அல்லது சுழலும் தகடு வைத்த சின்னத் தூண்டில் போதும். நடுத்தண்ணீரில் வீசிச் சீராகச் சுற்றினால் வெடுக்கென்று இழுக்கும். ஒன்று மாட்டினால் அதே இடத்தில் அடுத்தடுத்துக் கிடைக்கும், ஒரு மணி நேரத்தில் கை வலித்துவிடும். காவிரியில் பழகிய உங்கள் கைக்கு இதுதான் சொந்தமாகத் தெரியும்.

சிறுவாய் பாஸ் பிடிக்க நான் ஆர்லியன்ஸ் பக்கம் நிற்பதில்லை. வாட்டர்வில்லைத் தாண்டி கிராண்ட் ராப்பிட்ஸ் ஊர் வரை மேலே போய்விடுவேன். பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று நிற்கும் இடம், வேகமான ஓட்டமும் மந்தமான ஓட்டமும் உரசும் கோடு, இவைதான் அதன் வீடு. ஏப்ரல் கடைசியில் தண்ணீர் 50ஐத் தாண்டியதும் நண்டு நிறத்தில் ஒரு ரப்பர் குழாய்த் தூண்டிலைப் பாறையோரம் மெல்ல உருட்டினால் கவ்வும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரண்டு பவுண்டு சிறுவாய் பாஸ் ஓட்டத்தில் நின்று இழுக்கும் இழுப்புக்கு நான்கு பவுண்டு வாலாய் ஈடாகாது. தண்ணீரை விட்டு இரண்டடி எகிறித் தலையை உதறும்.

தண்ணீர் 60 டிகிரியை நெருங்கும்போது இந்த மீனிடம் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்வேன். ஆண் மீன் வாலால் சரளையை விசிறித் தட்டு மாதிரி ஒரு குழி பறிக்கும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் அந்த அப்பாதான். நெருங்கும் எதையும் கடிக்கும். உங்கள் தூண்டிலையும் பசியில் கவ்வுவதில்லை, குஞ்சைக் காப்பாற்றக் கவ்வும். ஈரி ஏரியிலும் அதில் சேரும் ஆறுகளின் கீழ்ப்பகுதியிலும் ‘ரவுண்ட் கோபி’ என்ற வந்தேறிச் சிறுமீன் பெருகிக் கிடக்கிறது. அப்பாவைத் தூக்கிய சில நிமிஷத்தில் அது குழிக்குள் புகுந்து முட்டையைத் தின்னத் தொடங்கிவிடும். நீங்கள் மீனைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டாலும் அதற்குள் நஷ்டம் நடந்திருக்கும். மே, ஜூன் மாதங்களில் ஈரி ஏரிப் பகுதியில் பாஸ் வைத்துக்கொள்வதற்குத் தனியாகக் கடுமையான விதி இருக்கிறது, அதையும் கையேட்டில் பாருங்கள். ஆழமில்லாத இடத்தில் சுத்தமான வட்டக் குழியும் அதன்மேல் நகராத ஒரு நிழலும் தெரிந்தால் நான் வேறு பக்கம் வீசுவேன். ஜூன் கடைசியில் அதே மீன் முழுப் பசியோடு ஓட்டத்துக்குத் திரும்பும், அப்போது பிடிக்கலாம்.

படகு உள்ள நண்பர் கிடைத்தால் ஏப்ரல் கடைசியில் டெட்ராய்ட் ஆற்றுக்கு ஒருமுறை போய் வாருங்கள், ஒரு மணி நேரப் பயணம். அங்கே இறங்கி நிற்க முடியாது, ஆழம் அதிகம். படகை ஓட்டத்தின் வேகத்துக்கே மிதக்கவிட்டு, கனமான ஜிக்கை நேர்கீழே இறக்கித் தரையில் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். அங்கும் தரையைத் தொடுவதுதான் கணக்கு. மிச்சிகன் உரிமமும் அவர்கள் விதியும் தனி.

சமைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. பிடித்த மீனை உடனே ஐஸில் வையுங்கள். வாலாய் வெள்ளைச் சதை, வாடை குறைவு, முள் குறைவு. மிளகாய்த்தூள், மஞ்சள், சீரகத்தூள், உப்பு, எலுமிச்சை சேர்த்து அரை மணி நேரம் ஊறவைத்து, கறிவேப்பிலையோடு தோசைக்கல்லில் வறுத்தால் கொடுவா வறுவலுக்கு மிக நெருக்கமாக வரும். புளிக்குழம்பில் போடுவதானால் குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு, அடுப்பை அணைப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் துண்டுகளைப் போடுங்கள், முன்னாலேயே போட்டால் உதிர்ந்துவிடும். கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவில் இரண்டு சதைத் துண்டு இருக்கும், அதை வீசிவிடாதீர்கள். வெள்ளை பாஸில் பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதைப் பட்டையை முழுக்க வெட்டி எடுத்துவிடுங்கள், வாடை எல்லாம் அதில்தான். இந்த மீன்களில் கொஞ்சம் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் வாரம் ஒரு வேளை போதும் என்பது ஒஹாயோவின் பொதுவான அறிவுரை, சில மீன்களுக்கு இதைவிடக் குறைவாகச் சொல்லியிருப்பார்கள் என்பதால் மீன்வாரியாகப் பார்த்துவிடுங்கள், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

மகளை மார்ச் மாதம் ஆற்றுக்குள் கூட்டிப் போகவே வேண்டாம். மே இரண்டாவது வாரம் வரை பொறுங்கள். வெயில் இதமாக இருக்கும், தண்ணீர் இறங்கியிருக்கும். ஆர்லியன்ஸ் பூங்காவில் கரையிலேயே நிற்கலாம், ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. அவளுக்கு ஐந்தரை அடிக் கழி ஒன்று, பொத்தானை அழுத்தினால் நரம்பு ஓடும் வகை ரீல், சின்ன வெள்ளை ஜிக். முள்ளின் கொண்டியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், கழற்றச் சுலபம், கையில் குத்தினாலும் எளிதில் வெளியே வந்துவிடும். உயிர்காப்பு அங்கியைக் கரையிலும் கழற்ற விடாதீர்கள். முதல் வெள்ளை பாஸ் மாட்டும்போது கழியை நீங்கள் வாங்கிவிடாமல், பின்னால் நின்று அவள் இடுப்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.